வள்ளம் விற்று வாங்கிய வண்டி

பழைய துறைமுகத்து ஒர்க்‌ஷாப்பில் போர்மேனாக இருந்து நான் ஓய்வு பெற்ற நாளிலிருந்து, தூத்துக்குடியில் எந்த வண்டி இருமினாலும் என் வீட்டு வாசலில் வந்துதான் இருமும். சத்தத்தை வைத்தே நோயைச் சொல்லிவிடுவேன். ஒரு தடவை கோரம்பள்ளத்தில் போய்க்கொண்டிருந்த லாரியின் கியர்பெட்டியில் ஒரு பல் குறைகிறது என்று வீட்டுக் கட்டிலில் படுத்தபடியே சொன்னேன்.

"நாலு மைலுக்கு அங்கன போற லாரிச் சத்தம் கேக்கும். பக்கத்துல நான் கூப்பிட்டா மட்டும் கேக்காது" என்பாள் என் மனைவி செல்லத்தாய். அவளுக்கு இயந்திர ஞானம் கிடையாது.

எழுபத்தாறாம் வருஷம் புரட்டாசிக் கடைசியில் ஒரு நாள், திரேஸ்புரத்து பிளாரன்ஸ் வீட்டுக்கு வந்தாள். கடற்கரையில் இரண்டு வள்ளங்களுக்குச் சொந்தக்காரி. புருஷன் பெயர் சிலுவை, கப்பலில் எஞ்சின் ரூம் ஆள். வருஷத்தில் பதினோரு மாதம் கடல், ஒரு மாதம் வீடு. வள்ளத் தொழில் முழுக்க இவள் கையில். வந்தவள் உட்காரக்கூட இல்லை.

"அண்ணாச்சி, சின்ன வள்ளத்தை வித்துட்டேன்."

"ஏளா! சிலுவைக்குத் தெரியுமா?"

"தெரியாது. கிறிஸ்துமஸுக்கு வாராக. வந்ததும் மொதக் கேள்வி, வள்ளம் எங்கன்னுதான் கேப்பாக. அப்ப நான் ஒரு வண்டியைக் காட்டணும். அது ஓடுத வண்டியா இருக்கணும்."

விஷயம் இதுதான். இவள் மீனை யாரோ ஒருவருடைய லாரி வந்து ஏற்ற வேண்டும். லாரி வருவதற்குள் மீனின் கண் மங்கிவிடும். கண் மங்கிய மீனுக்கு லாரிக்காரன் வைத்ததுதான் விலை. சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி இருந்தால் காலையில் பிடித்த மீன் மதியத்துக்குள் சாயர்புரம், நாசரேத் சந்தையில் துள்ளும். அதே வண்டியை வைத்துப் பெரிய வள்ளத்தைக் கரைக்கு இழுத்துப் பழுது பார்க்கலாம். இப்போது அதற்கு ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்துக் கிடக்க வேண்டும். மற்ற நாளில் ஆண்பிள்ளைகள் எல்லாம் கடலில் இருப்பார்கள். இது போக ஐஸ் எடுக்க, குடிதண்ணீர் டிரம் கொண்டுவர என்று தினப்படி வேலை வேறு.

"இழுக்கவும் வேணும், உழைக்கவும் வேணும், தெனமும் ஓடவும் வேணும். ஒரு வண்டிக்குத்தான் வழி இருக்கு அண்ணாச்சி. தப்பாப் போச்சுன்னா வள்ளமும் போச்சு, வண்டியும் போச்சு. அவுக முகத்துல எப்படி முழிப்பேன்?"

"எங்கிட்ட வந்துட்டேல்லா, இனி தப்பே நடக்காது" என்றேன்.

உள்ளேயிருந்து செல்லத்தாய் செருமினாள். நான் அதைக் காதில் வாங்கவில்லை.

பத்தே நாளில் மூன்று வண்டிகளைக் கண்டுபிடித்தேன். எந்தக் கம்பெனி வண்டிகள் என்று கேட்காதீர்கள். பெயர்த் தகட்டை எல்லாம் உப்புக்காற்று எப்போதோ தின்றுவிட்டது. ஊர் வைத்த பெயர்தான்.

முதலாவது, பட்டாளத்தான். உப்பளக்காரர் ஆறுமுகநயினாருடைய வண்டி. யுத்தத்தில் பர்மா வரை போய், ஜப்பான்காரனைப் பார்த்து ஹாரன் அடித்துவிட்டுத் திரும்பி வந்தது. பம்பரில் ஒரு ஊரையே கட்டி இழுக்கலாம். ஒரே குறை, தாகம். அது ஸ்டார்ட் ஆனால் பக்கத்தில் நிற்கிற வண்டிகளின் பெட்ரோல் முள்ளும் சேர்ந்து இறங்கும். அதைக் கண்டால் பங்க்காரர் எழுந்து நின்று கும்பிடுவார்.

இரண்டாவது, சப்பைமூக்கன். எஞ்சின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்காமல் டிரைவர் சீட்டுக்கு அடியிலேயே உட்கார்ந்திருக்கும். நாசரேத்துக்காரர் செல்வதுரை கொண்டுவந்தார். வண்டி வாங்கி விற்பதே அவர் தொழில். நீலப் பெயின்ட் அடித்து மினுக்கியிருந்தார். காக்கா ஒன்று அதில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு போனதை நானே பார்த்தேன்.

மூன்றாவது, கருப்பட்டி. உடன்குடி வியாபாரி செந்தூர்பாண்டியின் ஜீப்பு. பின்னால் பலகை அடித்துப் பத்து வருஷமாகக் கருப்பட்டி ஏற்றி ஏற்றி, வண்டியின் நிறமே அதுவாகிவிட்டது. அது வரும்போது ஒன்றரை மைல் நீளத்துக்கு எறும்பு ஊர்வலம் பின்னாலேயே வரும். அந்த எறும்புகளுக்காக ஆறுமுகநேரி ரயில்வே கேட்டை ஐந்து நிமிஷம் கூடுதலாக மூடிவைப்பார்கள் என்று கேள்வி.

சோதனைக்கு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தது நான்தான். கடலுக்கு யாரும் போகமாட்டார்கள், கடற்கரை விசாலமாகக் கிடக்கும், நாலு பேர் சாட்சிக்கும் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டேன். என் ஆயுளில் நான் செய்த ஒரே தப்பு அது. செல்லத்தாயைக் கேட்டால் வேறு எண்ணிக்கை சொல்லுவாள்.

இரண்டாம் பூசை முடிந்ததும் திரேஸ்புரம் முழுக்கக் கடற்கரைக்கு வந்துவிட்டது. வெள்ளை வேட்டியும் எண்ணெய் வைத்த தலையுமாக நாற்பது ஆண்பிள்ளைகள். அவர்களுக்கு முன்னால் மனுவேல். பிளாரன்ஸின் வள்ளத்துக்கு அவன்தான் தண்டல், அதாவது தலைவன். வண்டி வந்தால் ஓட்டப்போகிறவனும் அவன்தான்.

"எல்லாரும் வேடிக்கை மட்டும் பாருங்கலே" என்று உரக்கச் சொன்னேன். "வண்டிக்குத்தான் பரீட்சை. நமக்கு இல்ல."

"நாங்க எதுக்கு அண்ணாச்சி தொடப்போறோம்? பூசை வேட்டி" என்றான் மனுவேல்.

பெரிய வள்ளம் தண்ணீரோரம் கிடந்தது. ஈரம் குடித்துக் குடித்து நாலு யானை எடை இருக்கும். ஐந்து என்றே வைத்துக்கொள்ளுங்கள். அடியில் பனந்தடி போட்டு, மூக்கில் கப்பல் வடத்தைக் கட்டி, நீளமாக விட்டு வண்டியில் மாட்டினோம். மணல் மேட்டில் நட்டிருக்கும் கம்பு வரை இழுக்க வேண்டும். வண்டியைச் சோதிக்கிறவன் வண்டியைத்தானே பார்ப்பான்? நான் பின் சக்கரத்தருகே குந்தி, ஆக்சிலில் கண்ணை வைத்துக்கொண்டேன். முதுகுக்குப் பின்னால் வெகுதூரத்தில் வள்ளம்.

முதலில் பட்டாளத்தான் இழுத்தது. வடம் இறுகும்போது மனுவேல், "ஏலேலோ" என்று ஒரு குரல் கொடுத்தான். தாளம் இல்லாமல் வடம் இறுகினால் அவனுக்குத் தலைவலி வருமாம். கம்பு வந்துவிட்டது.

வள்ளத்தைத் திரும்பத் தண்ணீருக்குத் தள்ளிவிட்டுக் கருப்பட்டியை மாட்டினோம். செந்தூர்பாண்டி டயரருகே குனிந்து ஏதோ செய்யப் போனார். "நேரமாகுது, ஏறும்வே" என்று நான்தான் விரட்டினேன். அதுவும் கம்பைத் தொட்டது.

மூன்றாவது சப்பைமூக்கன். அடடா! வெண்ணெயில் கத்தி போவது போலப் போயிற்று. சக்கரம் ஒரு துளி மணலை உதறவில்லை. நான் குந்தியிருந்த இடத்திலிருந்து எழுந்து குதித்தே விட்டேன்.

"இதுதாம்ளா உன் வண்டி! இமயமலையைக் கட்டி விட்டா, சாயங்காலத்துக்குள்ள கன்னியாகுமரிக்குக் கொண்டுவந்துரும்!"

செல்வதுரை வண்டிக்கு வெளியே, பிளாரன்ஸ் பக்கத்தில் நின்றிருந்தார். ஓட்டிக்கொண்டிருந்தது அவருடைய டிரைவர். கையில் தயாராக வைத்திருந்த இன்னொரு சாவியை நீட்டினார்.

"பிடிங்கம்மா. அண்ணாச்சி வாயாலயே வந்துட்டு. இதுக்கு மேல என்ன சர்ட்டிபிகேட்?"

பிளாரன்ஸ் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். சாவியை வாங்கக் கை நீட்டினாள்.

அப்போது மாதா கோவில் மணி பன்னிரண்டு மணிச் செபத்துக்கு அடித்தது.

நீட்டிய கை, சாவியைத் தொடாமல் நெற்றிக்குப் போயிற்று. பிளாரன்ஸ் கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டாள். அவள் மட்டுமல்ல, கடற்கரையே அப்படி நின்றது. அந்த மணி அடித்தால் வலை இழுக்கிறவன் வலையை விடுவான், சண்டை போடுகிறவன் சட்டையை விடுவான். செபம் முடிந்தால்தான் மறுபடி பிடிப்பான்.

சப்பைமூக்கனுக்கு மட்டும் என்ன வந்தது என்று தெரியவில்லை. வெண்ணெயில் போய்க்கொண்டிருந்த வண்டி 'கிர்ர்ர்' என்று அலறியது. பின் சக்கரம் சுழன்று சுழன்று குழி பறித்தது. வாரி இறைத்த மணலில் பாதி என் வாய்க்குள் போயிற்று. ஆக்சில் வரை புதைந்து, பெருமூச்சு விட்டு நின்றது.

மணலைத் துப்பிக்கொண்டே, இழுவைக்கு நடுவே முதல் தடவையாக நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். வள்ளத்தின் இரண்டு பக்கமும் நாற்பது பேரும் அணிவகுத்து நின்றார்கள். கண் மூடி, கை கூப்பி. பூசை வேட்டியெல்லாம் தார்ப்பாய்ச்சிக் கட்டியிருந்தது. தோளில் எல்லாம் வள்ளத்துப் பாசி.

செல்வதுரை வேறு சபைக்காரர். அவருக்கு அந்த மணியின் நுணுக்கம் தெரியாது. "ஏ, தள்ளுங்கப்பா! எதுக்கு விட்டீங்க? தள்ளுங்க!" என்று கத்தினார்.

மனுவேல் ஒரு கண்ணை மட்டும் திறந்தான். "செபம் முடியட்டும் ஓய்" என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டான்.

முடிந்தது. நான் அவன் முன்னால் போய் நின்றேன்.

"ஏலே மனுவேல், வேடிக்கை பாக்கத்தானே சொன்னேன்?"

"வேடிக்கைதான் அண்ணாச்சி பாத்தோம்."

"பொறவு கை எப்படிலே வள்ளத்துல வந்துச்சு?"

அவன் தன் கையையே புதிதாகப் பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சத்தியமாக அவனுக்கே தெரிந்திருக்கவில்லை. "வள்ளம் நகருதுல்லா அண்ணாச்சி? வள்ளம் ஏறும்போது கையக் கட்டிட்டு நின்னா எங்கப்பன் கல்லறையிலேருந்து எந்திரிச்சு வந்து அடிப்பான்."

"மூணு தடவையுமா தள்ளுனீங்க?"

"மொதத் தடவை ஒப்புக்கு. ரெண்டாவது கொஞ்சம். மூணாவதுலதான் பாட்டு நல்லாச் சூடேறிச்சு" என்றான் பின்னால் நின்ற ஒருவன், பெருமையாக.

பிளாரன்ஸ் என் பக்கம் திரும்பவே இல்லை. அவள் முகத்தில் ரத்தம் இல்லை. ஒரு மணி ஓசை அளவுக்குத்தான் அவளுக்கும் புதைந்து கிடக்கிற அந்த நீல வண்டிக்கும் நடுவே தூரம் இருந்தது. நான் இமயமலையைப் பற்றி எதுவும் சொல்லாதவன் போலக் கடலைப் பார்த்தேன்.

"மறுபடியும் மொதல்லேருந்து" என்றாள் அவள்.

"இவனுவ மறுபடியும் தள்ளுவானுவளே. கையக் கட்டிப்போட்டாலும் தோளால தள்ளுவான். தோளையும் கட்டுனா மூச்சாலயே தள்ளுவான்" என்றேன்.

பிளாரன்ஸ் வள்ளத்தைக் கை காட்டினாள். "எல்லாரும் வள்ளத்துக்குள்ள ஏறுங்க."

"உள்ளயா?"

"உள்ளதான். உள்ள இருந்துக்கிட்டு எப்படித் தள்ளுவிய? பாடுங்க, பாட்டுக்குத் தடை இல்ல."

நாற்பது பேரும் ஏறினார்கள். வள்ளம் இப்போது ஏழு யானை. சப்பைமூக்கனை மண்வெட்டி போட்டுத் தோண்டி எடுத்து, அதற்கே முதல் வாய்ப்பு கொடுத்தோம். அது இரண்டு முழம் போய் மறுபடி குழி பறித்தது. செல்வதுரை, "இது ரோட்டுக்குன்னே செஞ்ச வண்டி, மணலுக்கு இல்ல" என்றார். அதைக் காலையிலேயே சொல்லியிருக்கலாம். நான் சுத்தியலோடு அடியில் புகுந்து சேஸிஸைத் தட்டினேன். நீலப் பெயின்ட் அப்பளமாக உதிர்ந்து, உள்ளே முழுக்கத் துரு. எத்தனை வருஷம் உழைக்கும் என்று கேட்டிருந்தால், எத்தனை வாரம் என்று திருத்தியிருப்பேன்.

அடுத்தது பட்டாளத்தான். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்க, ஏழு யானையையும் கம்பைத் தாண்டிக் கொண்டுபோய், இன்னும் விட்டிருந்தால் மணியாச்சி ஜங்ஷனில்தான் நின்றிருக்கும். வள்ளத்துக்குள் ஒரே கூச்சல். "இதுதாம்ளா!" என்று மறுபடி குதித்தேன்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க அண்ணாச்சி" என்றாள் பிளாரன்ஸ்.

ஆறுமுகநயினார் கேனைத் திறந்து டேங்கில் ஊற்றிக்கொண்டிருந்தார். ஊற்றி முடித்து இரண்டாவது கேனையும் திறந்தார். பிளாரன்ஸ் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நாசரேத் போய் வர எத்தனை கேன் ஆகும்?"

"அது... காத்து எதுத்து அடிக்கிறதைப் பொறுத்து" என்றார்.

"மாசத்துல ரெண்டு தடவை வள்ளம் இழுப்பேன். மீதி நாளெல்லாம் ரோட்டுல ஓடணும். பிடிக்கிற மீனை எல்லாம் இதுவே குடிச்சிரும்" என்றாள்.

கடைசியாகக் கருப்பட்டி. செந்தூர்பாண்டி இந்தத் தடவை என் விரட்டலுக்கு மசியவில்லை. நிதானமாகக் குனிந்து, தீக்குச்சியால் ஒவ்வொரு டயரிலும் காற்றை 'புஸ்' என்று இறக்கினார். டயர் நாலும் பூரி மாதிரி அமுங்கியது.

"ஏலே, காத்தே போச்சு, இது எங்கன இழுக்க?" என்று வள்ளத்துக்குள் நாற்பது பேரும் சிரித்தார்கள்.

"எங்க ஊர்த் தேரிக்காட்டுச் செம்மணல்ல வந்து பாரும்" என்றார் அவர். "டயரு விறைச்சுக்கிட்டு நின்னா மணல் விடாது. தளந்து குடுத்தா அதுவே தாங்கும்."

முதல் கியரைப் போட்டு விட்டார். கருப்பட்டி உறுமவில்லை, முனகியது. வள்ளம் ஒரு சாண் நகர்ந்தது. நின்றது. இன்னொரு சாண். மனுவேல் பாட்டை அதன் வேகத்துக்கு இறக்கினான். ஒரு சரணத்துக்கும் அடுத்த சரணத்துக்கும் நடுவில் நான் ஒரு தூக்கம் போட்டு எழுந்தேன். ஆனால் சக்கரம் ஒரு இடத்திலும் மணலை உதறவில்லை. கடைசியில் கம்பு வந்தது. உள்ளே இருந்தவர்கள் சிரிக்க மறந்து போனார்கள்.

நான் அடியில் புகுந்தேன். பத்து வருஷமாக ஒழுகிய கருப்பட்டிப் பாகு சேஸிஸ் முழுக்க உறைந்து, உப்புக்காற்று உள்ளே நுழைய ஊசிமுனை இடம் இல்லை. சுரண்டிப் பார்த்த என் உளி இரண்டாக முறிந்தது. முறிந்த துண்டை நக்கிப் பார்த்தேன், இனிப்பு.

பிளாரன்ஸ் என்னைக் கேட்கவில்லை, செந்தூர்பாண்டியைக் கேட்டாள்.

"இதுல என்ன கோளாறு?"

"மேட்டுல மெதுவாத்தான் ஏறும். பின் கதவு நிக்காது, கயிறு போட்டுத்தான் கட்டணும். கிளச்சு கொஞ்சம் பாக்கணும். ரோட்டுக்கு வந்ததும் டயருக்குக் கைப்பம்புல காத்தடிக்கணும், தோள்பட்டை வலிக்கும்."

"வலிக்க எங்ககிட்ட நாப்பது தோள்பட்டை இருக்கு. பொறவு எதுக்கு விக்கிய?"

"சரக்கு பெருத்துப் போச்சு தாயி. லாரி வாங்கப் போறேன்."

கோளாறை மறைக்காமல் சொன்ன ஒரே ஆள் அவர்தான். பிளாரன்ஸ் கை நீட்டிச் சாவியை வாங்கினாள்.

"பட்டாளத்தானை விட்டுட்டியேளா" என்றேன், மனசு கேட்காமல்.

"நீங்கதான் நாலு வண்டி வாங்கி நாலையும் ஓட்டுவிய. எனக்கு ஒண்ணுதான்" என்றாள்.

அதன் பிறகு இரண்டு மாதம் கருப்பட்டி பட்ட பாடு அதற்குத்தான் தெரியும். ஐஸ், தண்ணீர் டிரம், மீன்பெட்டி, வள்ளம். கிளச்சை நான்தான் கழற்றி மாட்டினேன். நாசரேத்தில் அந்தப் பழுப்பு வண்டியைக் கண்டதும் பெண்கள் சட்டியோடு ஓடிவந்தார்கள். மீன் அவ்வளவு உயிரோடு இருந்ததால் ஒரு சீலா பெட்டியிலிருந்து குதித்து, தானே ஒரு சட்டியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டதாக மனுவேல் சொன்னான். மனுவேல் என்னிடம் பழகிப் பழகிக் கெட்டுவிட்டான்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால், காலையில், சிலுவை வந்து இறங்கினான். வீட்டுக்குப் போகாமல் குதிரை வண்டியை நேரே கடற்கரைக்கு விட்டிருந்தான். கையில் கப்பல் பெட்டி, காலில் சலவை மடிப்புக் கலையாத வெள்ளைப் பேன்ட். கருப்பட்டியில் மீன் ஏறிக்கொண்டிருந்தது. எண்ணெய் பார்க்கிற சாக்கில் நானும் அங்கே நின்றேன்.

சிலுவை கரையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தான்.

"சின்ன வள்ளம் எங்க?"

மனுவேல் ஐஸ்பெட்டிக்குப் பின்னால் ஒளிந்தான். நானும் ஒளியத்தான் பார்த்தேன், இடம் இல்லை. பிளாரன்ஸ் மட்டும் அசையவில்லை. இடுப்பில் சொருகிய முந்தானையை இன்னும் இறுக்கிச் சொருகினாள்.

"வித்துட்டேன். இந்தா நிக்குல்லா, அதுதான்."

சிலுவை பெட்டியைக் கீழே வைத்தான். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினான். பானெட்டைத் திறந்தான். கப்பல் எஞ்சினோடு குடித்தனம் நடத்துகிறவன், உள்ளே காதை வைத்துக் கேட்டான். அவன் நிமிர்வதற்குள் ஒரு யுகம் போய், இன்னொன்று பாதி நடந்திருந்தது. பிளாரன்ஸ் வண்டிப் பலகையைப் பிடித்திருந்த கையில் எலும்பு வெளுத்துத் தெரிந்தது.

"கிளச்சை யாரு பாத்தது?"

"நாந்தான்" என்றேன்.

"இன்னும் கால் திருகு முறுக்கணும்."

வேறு நாளாக இருந்தால் அங்கேயே ரெண்டில் ஒன்று பார்த்திருப்பேன்.

அவன் பெண்டாட்டியிடம் திரும்பினான். "ஒரு வார்த்தை எனக்கு எழுதிக் கேட்டிருக்கலாம்லா?"

"எழுதியிருந்தா வேண்டாம்னு பதில் போட்டிருப்பிய."

சிலுவை யோசித்தான். நேர்மையான மனுஷன். "ஆமா, போட்டிருப்பேன்" என்றான். பிறகு பெட்டிகளை எண்ணினான். "இவ்வளவும் எங்க போகுது?"

"நாசரேத்துக்கு. கிறிஸ்துமஸ் மீனு. இந்த வாரத்துல இது நாலாவது நடை. ஐஸ் கரையுது, நான் கெளம்பணும். வீட்டுச் சாவி பக்கத்து வீட்டுப் பேச்சிகிட்ட இருக்கு, சோறு அடுப்பு மேல இருக்கு." சொல்லிக்கொண்டே அவள் முன்சீட்டில் ஏறி மனுவேல் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சிலுவை வீடு இருக்கும் திசையைப் பார்த்தான், சோறு இருக்கும் திசையும் அதுதான். கப்பல் பெட்டியைத் தூக்கி மீன்பெட்டிகளுக்கு நடுவே சொருகினான். வெள்ளைப் பேன்டோடு அவனும் பின்னால் ஏறிக்கொண்டான்.

"பின் ஆக்சில் டிபரன்ஷியல் சத்தம் பின்னால இருந்தாத்தான் கேக்கும்" என்றான், யாரும் கேட்காமலே.

முன்னால் பிளாரன்ஸின் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று எட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

கூரைத் தகரத்தில் சிலுவை இரண்டு தட்டுத் தட்டினான். வண்டி கிளம்பியது. பதினோரு மாதம் கடலில் கிடந்தவன், வீட்டு வாசற்படியைக்கூட மிதிக்காமல், ஒரு பெட்டி நெத்திலி மேல் உட்கார்ந்து நாசரேத்துக்குப் போனான். சாயங்காலம் திரும்பி வந்தபோது அந்தப் பேன்ட் என்ன நிறத்தில் இருந்தது என்பதை மிகைப்படுத்தாமல் சொல்ல எனக்கு வராது. அதனால் விட்டுவிடுகிறேன்.